1075 குதிரை இல்லீங்க, அது இழுவைக் கணக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல வண்டிகள் பக்கத்துல அமெரிக்கா டீசல் பிக்கப் பத்தி ஒரு துண்டுச் செய்தி வந்திருந்துச்சு. ராம் 3500 படத்தைப் போட்டு கீழ "1075 குதிரைத்திறன் கொண்ட மினி லாரி, பணக்காரர்கள் பந்தாவுக்கு வாங்குவது"ன்னு எழுதியிருந்தீங்க. டீக்கடையில அதைப் படிச்சுட்டு ரெண்டு பசங்க "ஆயிரம் குதிரையாம்டா"ன்னு வாயைப் பொளந்துட்டு இருந்தானுங்க, எனக்கு டீயே எறங்கல. 38 வருசம் திருச்செங்கோட்டுல லாரி, ரிக் வண்டி இஞ்சின் வேலை பாத்தவன் நானு, இப்ப பட்டறையை பையன் பாத்துக்கறான், நமக்கு பேப்பர் படிக்கறதும் தப்பு கண்டுபுடிக்கறதும்தான் வேலை, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், வெட்டாம போடுங்க.

முதல்ல அந்த 1075. அது குதிரைத்திறனே இல்லீங்க. 2025 மாடல் ராம் 3500-ல வர்ற 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இஞ்சினோட குதிரைத்திறன் 430. 1075ங்கறது டார்க்கு, அமெரிக்காக்காரன் அடி-பவுண்டுல சொல்றது, நம்ம கணக்குல ஏறக்கொறைய 1458 நியூட்டன் மீட்டர். டார்க்குன்னா என்னன்னு கேட்டா, லாரி வீல் நட்டு துரு புடிச்சு கழலலைன்னா ஸ்பானர்ல நீளமா ஒரு பைப்பை மாட்டி மேல ஏறி நிப்பமில்ல, அந்த முறுக்குதான். ஒரு அடி நீள ஸ்பானர் முனையில 1075 பவுண்டு, அதாவது 488 கிலோ வெயிட்டைத் தொங்க விட்டா எவ்வளவு முறுக்கோ அவ்வளவு. அதை எவ்வளவு வேகமா சுத்திக் குடுக்கறதுங்கறதுதான் குதிரைத்திறன். கார்ல இஞ்சினை நிமிசத்துக்கு 5000, 6000 சுத்து ஓட்டி குதிரைத்திறனைக் காட்டுவாங்க, இந்த டீசலு 1800 சுத்துலயே தன் முழு முறுக்கையும் குடுத்துரும். லோடு வண்டிக்கு வேணுங்கறது அதுதான். நம்ம பக்கம் டிரைவருங்க "வண்டிக்கு பிக்கப் இல்லண்ணே"ன்னு சொல்றதும் இதைத்தான், பாருங்க, வண்டி பேரும் பிக்கப்பு, இழுவை பேரும் பிக்கப்பு.

அடுத்தது "மினி லாரி"ங்கற பேச்சு. போன வருசம் மக வீட்டுக்கு டெக்சாஸ் போயி அஞ்சு மாசம் இருந்துட்டு வந்தேன், ஹூஸ்டனுக்கு மேக்கால ஊர் முடியற எடம், வீட்டுக்குப் பின்னால வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணை. அங்கயே ஒரு பெரியவர், என் வயசுதான் இருக்கும், ரெண்டு பிக்கப் வெச்சிருந்தார், ஒண்ணு புதுசு, பின்னாடி ரெட்டை டயர் போட்டது, டூயலின்னு சொல்றாங்க. அகலம் எட்டடி, நம்ம லாரிக்கு சமம். நீளம் 21 அடிக்கு மேல. மினின்னு எந்த வாயால சொல்றது. இன்னொண்ணு கொட்டாய்க்குள்ள நின்ன பழைய வண்டி, அதைப் பத்தி அப்பறம் சொல்றேன், இந்த லெட்டரே அந்த வண்டியாலதான்.

அங்க போன மொத வாரம் நானும் உங்களை மாதிரிதான் நெனச்சேன். மருமகன் கூட மளிகைக் கடைக்குப் போனா பார்க்கிங் முழுக்க இந்த சைஸ் வண்டி, அதுல இருந்து ஒரு பொம்பளை எறங்கி ஒரு பாக்கெட் பால், ரெண்டு முட்டை அட்டை வாங்கிட்டு போகுது. பின்னாடி டிரெய்லர் மாட்டற பந்து இருக்கும், அதைப் பாத்தாலே நமக்குத் தெரிஞ்சுரும், கிரீஸும் இல்ல, ஒரு கீறலும் இல்ல, ஷோரூம்ல மாட்டின மேனிக்கு மினுமினுன்னு இருக்கும். டாப் எண்ட் வண்டி 90 ஆயிரம் டாலரைத் தாண்டுது, உள்ள தோல் சீட்டு, பெரிய டிவி மாதிரி ஸ்கிரீன். இதுல வரிச் சலுகை வேற, மொத்த எடை 6000 பவுண்டுக்கு மேல இருக்கற வண்டியை தொழிலுக்குன்னு வாங்கினா செலவுக் கணக்குல கழிச்சுக்கலாம்னு அங்க சட்டம் இருக்கு, அதனாலயே வாங்கறவங்களும் உண்டுன்னு மருமகன் சொன்னார். அதனால பந்தான்னு நீங்க எழுதுனது பாதி சரி, ஒத்துக்கறேன். மீதி பாதிக்குத்தான் இந்த லெட்டரு.

நான் போயி நின்ன மொத நாளே பெரியவர்கிட்ட கேட்ட மொத கேள்வி நம்மாளுங்க எல்லாரும் கேக்கறதுதான், மைலேஜ் என்னங்க. பேத்தி நடுவுல நின்னு மொழிபெயர்த்துச்சு. காலியா ஹைவேல போனா காலனுக்கு 18 மைல், டிரெய்லர் மாட்டினா 10-னார். நம்ம கணக்குல லிட்டருக்கு ஏழரையும் நாலேகாலும். இதுல ஒரு கூத்து என்னன்னா அந்த நாட்டுல கார் கண்ணாடியில மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்டித்தான் விக்கணும், ஆனா மொத்த எடை 8500 பவுண்டைத் தாண்டின வண்டிக்கு அந்த ஸ்டிக்கரே தேவையில்ல. அதனால லாரி வாங்கற மாதிரி காசைக் கொட்டி வாங்கறவனுக்கு மைலேஜ் என்னன்னு கம்பெனி சொல்ல வேண்டியதில்ல. நம்ம ஊர்ல சொல்லலைன்னா ஷோரூமை விட்டு ஒரு வண்டி வெளிய போகாது.

சரி லோடு எவ்வளவு ஏத்தலாம்னு கேட்டேன், அங்கதாங்க எனக்கு தலை சுத்துச்சு. ராம் 2500 டீசல், நாலு கதவு வண்டி, பின்னாடி தொட்டியில ஏத்தலாம்னு கதவு இடுக்குல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது ஒரு டன்னு பக்கந்தான். நம்ம பொலேரோ பிக்கப்பு 1.7 டன் ஏத்துதே! அதுவும் பேப்பர்ல 1.7, நம்மாளுங்க ஏத்தறது எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், செக்போஸ்ட்டுக்கும் தெரியும். காரணம் என்னன்னா அந்த கம்மின்ஸ் இஞ்சின் மட்டுமே அரை டன்னு கிட்ட கனம், அந்த வகை வண்டி லோடோட சேர்த்து மொத்தமே 10 ஆயிரம் பவுண்டுக்குள்ள, அதாவது நாலரை டன்னுக்குள்ள இருக்கணும், இஞ்சினும் சேஸிசும் அந்தக் கணக்கைத் தின்னுட்டா தொட்டிக்கு என்ன மிஞ்சும். 3500 டூயலி ஆனா மூணு டன்னுக்கு மேலயும் ஏத்தலாம், அது வேற.

ஆக, இந்த வண்டி சொமக்கறதுக்குப் பொறந்ததில்ல, இழுக்கறதுக்குப் பொறந்தது. நம்ம ஊர்ல டிராக்டர் எப்படியோ அப்படி. தொட்டிக்கு நடுவுல, பின் ஹவுசிங்குக்கு, அதாவது பின் அச்சுக்கு நேர் மேல ஒரு இரும்புப் பந்து, டிரெய்லரோட கழுத்து வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்சு வந்து அதுமேல உக்காருது, அதுக்கு பேரே கூஸ்நெக்குதான். வெயிட்டு ஹவுசிங் மேல நேரா எறங்கறதால வண்டி ஆடாது. ஃபோர்டு எஃப்-450-ல இப்படி மாட்டி 40 ஆயிரம் பவுண்டு, 18 டன்னு இழுக்கலாம்னு கம்பெனியே சொல்லுது. பிக்கப்புங்க அது, 18 டன்னு! இன்னொண்ணு, சாதாரண கார் லைசென்ஸ் வெச்சுக்கிட்டே வண்டி, டிரெய்லர் ரெண்டும் சேர்ந்து 26 ஆயிரம் பவுண்டு வரைக்கும் டெக்சாஸ்ல ஓட்டலாம், கிட்டத்தட்ட 11.8 டன்னு. நம்ம ஊர்ல எல்.எம்.வி-ங்கற கார் லைசென்சுல 7500 கிலோ வரைக்கும் ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு உறுதி பண்ணுறதுக்குள்ள எத்தனை வருசம் கேஸ் நடந்துச்சு.

ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போனார். 12 மாடு டிரெய்லர்ல, மாடும் டிரெய்லரும் சேர்ந்து ஒம்பது டன்னு பக்கம் இருக்கும், மேக்கால மூணு மணி நேரம் ஓட்டம், அந்தப் பக்கம் மேடும் பள்ளமுமா கரட்டுக்காடு. ஏத்தத்துல என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான் நான் உக்காந்திருந்தேன், அது பாட்டுக்கு பாட்டு கேட்டுட்டு ஏறுது, கியர் மாறறதே தெரியல. ஆனா நான் அசந்தது எறக்கத்துல. பெரியவர் பிரேக்குல காலே வெக்கல. டேஷ்போர்டுல ஒரு பட்டன், எக்ஸாஸ்ட் பிரேக்கு, டர்போக்குள்ள இருக்கற இதழுங்க மூடிக்கிட்டு புகை வெளிய போக விடாம இஞ்சினையே அமுக்கிப் புடிக்குது, ஒம்பது டன்னும் பூனை மாதிரி எறங்குது. எனக்கு தொப்பூர் கணவாய் ஞாபகம் வந்துருச்சுங்க. டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல தள்ளிவிட்டு, பிரேக் சூடேறிப் போயி, முன்னாடி போற காருங்க மேல எல்லாம் ஏறி நின்ன லாரிங்களை எத்தனை கழட்டியிருப்பேன். நம்ம லாரியிலயும் எக்ஸாஸ்ட் பிரேக் வருது, அதைப் போட்டு ஓட்டற டிரைவர் கம்மி, வால்வு ஒட்டிக்கிச்சுன்னா சரி பண்ற ஓனர் அதைவிடக் கம்மி.

இப்ப அந்தப் பழைய வண்டிக்கு வர்றேன். கொட்டாய்க்குள்ள நின்னது 1990-கள் மாடல் டாட்ஜ் ராம். அப்ப டாட்ஜுதான் பேரு, ராம்னு தனி பிராண்டு ஆனது அப்பறம். ஒரு காலையில பெரியவர் அதை ஸ்டார்ட் பண்ணினார், நான் மக வீட்டு அடுப்படியில காப்பி குடிச்சுட்டு இருந்தேன், அந்த கடகட சத்தம் காதுல விழுந்ததும் டம்ளரை வெச்சுட்டு வேலியைத் தாண்டி ஓடினேன். சத்தியமா சொல்றேன், கண்ணைக் கட்டி விட்டா டாடா 2515 நம்ம பட்டறை வாசல்ல வந்து நிக்குதுன்னுதான் சொல்லியிருப்பேன். பானெட்டைத் தொறந்தா, நம்ம ஆளுங்க! கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு. நம்ம ஊர்ல 25 டன் லாரியை இழுத்த அதே குடும்பத்து இஞ்சின் அங்க ஒரு பிக்கப்புக்குள்ள உக்காந்திருக்கு.

இதுக்கு ஒரு கதை இருக்கு. இந்தியானா மாநிலத்துல கொலம்பஸ்னு ஒரு சின்ன ஊர், 1919-ல கிளெஸ்ஸி கம்மின்ஸ்னு ஒரு மெக்கானிக் ஆரம்பிச்ச கம்பெனி. இந்த பி சீரிஸ் இஞ்சினை 1980-கள்ல கேஸ் கம்பெனியோட சேர்ந்து விவசாய மெஷின், ரோடு போடற மெஷினுக்கெல்லாம் செஞ்சாங்க. டாட்ஜு பிக்கப்பு அப்ப விக்காம கெடந்துச்சு, 1989 மாடல்ல இதைத் தூக்கி அதுக்குள்ள வெச்சாங்க, 160 குதிரை, 400 அடி-பவுண்டு. இப்பத்திய 1075-க்குப் பக்கத்துல வெச்சா சின்னதாத் தெரியும், அன்னைக்கு பிக்கப்புல அதெல்லாம் கேள்விப்படாத இழுவை. இந்தப் பக்கம் 1993-ல டாடாவும் கம்மின்ஸும் கூட்டு சேர்ந்து ஜாம்ஷெட்பூர்ல கம்பெனி தொடங்கினாங்க, அந்த இஞ்சின்தான் லாரியில வந்து நம்ம நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டுல ஓடுச்சு. டைமிங் பெல்ட்டு, செயின் எதுவும் கெடையாது, எல்லாம் கியரு. சிலிண்டருக்குள்ள மாத்தற லைனர் குழாயும் கெடையாது, பிளாக்குலயே போரு, அதனால தேஞ்சா போரிங்தான் போடணும்னு அப்ப நம்ம மெக்கானிக்குங்க திட்டினோம், நானும் திட்டியிருக்கேன், ஆனா சீக்கிரத்துல தேயாது அது. 1994-ல இருந்து 98 வரைக்கும் அந்த டாட்ஜுல டீசல் அடிக்கறது பாஷ் இன்லைன் பம்பு, நம்ம ஊர்ல மைக்கோ பம்புன்னு சொல்லுவமே அந்த ஜாதி, ஒயரு, கம்ப்யூட்டரு ஒண்ணும் பம்புக்கு வேண்டாம். இன்னைக்கும் அந்த வருசத்து வண்டிக்கு அமெரிக்காவுல தனி மவுசு, பாடி எல்லாம் துருவேறிப் போயிருக்கும், இஞ்சினுக்காக வாங்குவான். நான் பம்பு மேல கைய வெச்சு அதிர்வைப் பாத்துட்டு பேத்தியைக் கூப்புட்டு "மூணாவது நாசில் சரியா அடிக்கல, கழட்டிப் பாக்கச் சொல்லு"ன்னேன். கழட்டினார், மூணாவதுதான். அதுக்கப்பறம் பெரியவருக்கும் எனக்கும் பாஷையே தேவைப்படல.

மத்த கம்பெனிகளையும் சொல்லணும், இல்லாட்டி கம்மின்ஸ் ஏஜெண்டுன்னு நெனப்பீங்க. ஃபோர்டு மொதல்ல டீசல் இஞ்சினை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்கிட்ட (பின்னாடி நேவிஸ்டார்னு பேரு மாறுச்சு) வாங்கிப் போட்டாங்க, அதுல 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கு நல்ல பேரு, அதுக்குப் பின்னாடி 2003-ல வந்த 6.0 லிட்டரு ஹெட் கேஸ்கெட்டு, புகையைக் குளிர வெக்கற இ.ஜி.ஆர் கூலர் கோளாறுன்னு பேரைக் கெடுத்துச்சு, 2011-ல இருந்து ஃபோர்டு தானே 6.7 செய்யறாங்க, 2023-ல வந்த பெரிய ரகத்துல 500 குதிரை, 1200 அடி-பவுண்டு. அதனால உங்க செய்தியில "உலகத்துலயே அதிக சக்தி" ராமுதான்னு போட்டதும் தப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் இஞ்சினு டியூராமேக்ஸ், 2001-ல இசுசு கூட சேர்ந்து கொண்டு வந்தது, நம்ம மெட்ராஸுக்குப் பக்கத்துல ஸ்ரீசிட்டியில டி-மேக்ஸ் பிக்கப் செய்யறாங்களே அதே இசுசு. அவ்வளவுதான், மூணே கம்பெனி. வெளிநாட்டுக்காரன் ஏன் வந்து விக்கலைன்னு கேப்பீங்க, இது நம்ம நாமக்கல்காரனுக்குத்தான் நல்லா புரியும், காரணம் கோழிங்க! 1960-கள்ல ஜெர்மனி, பிரான்சு பக்கம் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏத்திட்டாங்க, பதிலுக்கு அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் 1963 கடைசியில வெளிநாட்டு டிரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டார், கோழிச் சண்டை தீர்ந்து எத்தனையோ வருசமாச்சு, வரி மட்டும் இன்னும் இருக்கு.

இப்ப உங்க செய்தியைப் படிச்ச பசங்க கேட்ட ஒரு நல்ல கேள்விக்கு வர்றேன். "அண்ணே, நம்ம ஊர் 16 வீல் டாடா சிக்னா 4825-லயும் 6.7 லிட்டர் கம்மின்ஸ்தான, 48 டன் இழுக்கற அதுல 950 நியூட்டன் மீட்டர்தான் இருக்கு, மாடு ஏத்தற பிக்கப்புல 1458-ஆ, நம்மளை ஏமாத்தறானுங்களா?" ஏமாத்து இல்லடா தம்பி. லாரிக்காரன் லோடு ஏத்திட்டு நாமக்கல்ல கெளம்புனா டெல்லி வரைக்கும் ஆக்சிலேட்டரை அமுக்குன கால் எடுக்க மாட்டான், நாள் பூரா, வருசம் பூரா, லட்சக்கணக்குல கிலோமீட்டர். அந்த உழைப்புக்கு இஞ்சினு தாங்கணும்னா கொஞ்சம் அடக்கித்தான் விடணும். பிக்கப்புக்காரன் வாரத்துல ஒரு நாள் டிரெய்லர் மாட்டுவான், அதுலயும் ஏத்தத்துல மட்டும் முழு பலம் கேப்பான், மத்த நேரம் பால் பாக்கெட்டு. அதனால அங்க தெறந்து விட்டுருக்கான். ஒரே காளைதான், ஒண்ணு ஏர் ஓட்டுது, ஒண்ணு ரேக்ளா ஓடுது. பெரிய வண்டியில போட்ட அளவை சின்ன வண்டியில போட்ட அளவோட சும்மா நம்பரை மட்டும் வெச்சு ஒப்பிட்டா இப்படித்தான் கொழம்பும். உங்க செய்தியில இதை ரெண்டு வரி எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

கசப்பான விசயமும் ஒண்ணு இருக்கு, அதை மறைச்சா நான் மெக்கானிக்கே இல்ல. புகை. நம்ம ஊர்ல கரும்புகை வந்தா பம்பைக் கழட்டி காலிபரேசனுக்குக் குடுப்போம், அங்க சில எளந்தாரிப் பசங்க காசு குடுத்து கரும்புகை வர வெக்கறானுங்க, சைக்கிள்ல போறவன் மேல வேணும்னே ஊதிட்டுப் போறது ஒரு வெளாட்டாம். 2007-க்கு அப்பறம் வந்த வண்டியில புகை வடிகட்டி, அதுக்கப்பறம் யூரியா தண்ணி அடிக்கற டேங்க் எல்லாம் வந்துச்சு, நம்ம பி.எஸ் 6 ஆட்ப்ளூ மாதிரியேதான், அதையெல்லாம் அறுத்துப் போடறதுக்கு டெலிட்டுன்னு பேரு. பத்து வருசத்துல 5,50,000 டீசல் பிக்கப்புக்கு மேல இப்படி அறுத்திருக்காங்கன்னு அந்த நாட்டு சுற்றுச்சூழல் துறையே 2020-ல கணக்குச் சொல்லுச்சு. எங்கிட்டயும் ஆட்ப்ளூவை பைபாஸ் பண்ணித் தாங்கன்னு வந்தவங்க உண்டு, நான் பண்ணல, ரொம்ப நல்லவன்னு இல்ல, 38 வருசம் அந்தப் புகையை முழுங்கி இப்ப மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது.

ஆனா வண்டி வெச்சிருக்கறவனைத் திட்டி என்ன பண்றது, நான் சாமி மாதிரி நெனச்ச கம்மின்ஸே மாட்டுச்சு. ராம் 2500, 3500-ல 2013-ல இருந்து 2023 வரைக்கும் வந்த 9,60,000 வண்டி பக்கம், டெஸ்டுல ஒரு மாதிரி, ரோட்டுல ஒரு மாதிரி ஓடற சாஃப்ட்வேர், சொல்லாம வெச்ச செட்டிங்கெல்லாம் இருந்துச்சுன்னு அரசாங்கம் கேஸ் போட்டு, 2023 டிசம்பர்ல 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிச்சு. தப்பு பண்ணினோம்னு வாயால சொல்லல, காசு மட்டும் கட்டுச்சு. காத்து மாசு சட்டத்துல அதுவரைக்கும் அவ்வளவு பெரிய சிவில் அபராதம் இல்ல. பெரியவரோட புது வண்டியும் அந்தக் கணக்குல வர்றதுதான். அவர்கிட்ட கேட்டா தோளைக் குலுக்கிட்டு பழைய வண்டியைக் காட்டினார். அதுல வடிகட்டியும் இல்ல, சாஃப்ட்வேரும் இல்ல, பொய் சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா புகை அதுலதான் ஜாஸ்தி, அதையும் சொல்லணும்.

இந்த வண்டியை இங்க கொண்டாந்தா என்னன்னு டீக்கடையில ஒருத்தன் கேட்டான். ஸ்டியரிங்கு எடது பக்கம், எட்டடி அகலம், ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தடவை திருப்பிக் காட்டட்டும் பாப்போம். நமக்கு குட்டியானையும் பொலேரோவும் தோஸ்த்தும் போதும், சந்துல நுழையுது, வாழைத்தாரும் ஏத்துது, ஆடும் ஏத்துது.

ஐயா, அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்துல ஒரு ஓரமா திருத்தம் போடுங்க: குதிரைத்திறன் 430, முறுக்கு விசை 1075 அடி-பவுண்டு. "மினி லாரி"ங்கறதையும் எடுத்துருங்க. திருத்தம் வந்தா பேப்பரை டீக்கடை செவுத்துல ஒட்டறதா கடைக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அந்த ரெண்டு பசங்க ஆயிரம் குதிரைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரியறானுங்க.

இப்படிக்கு,
பழைய டீசல் மெக்கானிக் ஒருத்தன்,
திருச்செங்கோடு